ஒரு சொட்டு ரத்தத்துக்கு விழுப்புரம் பாசஞ்சர்

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு, திண்டிவனத்திலிருந்து கறிக்கடை அப்பா எழுதுவது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ டீச்சர். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று கேள்வி கேட்பாய். அதற்குப் பதில் சொல்லப் போய், சொல்ல வந்ததை நான் மறந்துவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. விசா வேலையாகச் சென்னையில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறாய், ஆற அமர உட்கார்ந்து படி. இன்று செவ்வாய்க்கிழமை, கடையில் கூட்டம் இல்லை. மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பாதிப் பேரும், முருகனுக்கு நேர்ந்துகொண்டு மீதிப் பேரும் கறி சாப்பிடாத நாள். எனக்கும் எழுத நேரம் இருக்கிறது.

விஷயம் இதுதான். ஒன்றரை வருடமாக மஸ்கட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருக்கும் மாப்பிள்ளைக்கு, உன்னை அழைத்துக்கொள்ள இப்போதுதான் விசா கிடைத்திருக்கிறது. நீயோ அவரிடம், "காகிதமெல்லாம் வாங்கி வெச்சுக்கிறேன், டிக்கெட் மட்டும் இப்ப போடாதீங்க" என்று சொல்லியிருக்கிறாய். ஏன் என்று கேட்டதற்கு, "நான் வந்துட்டா எங்கப்பாவுக்கு வெரல்ல யாரு குத்துவாங்க?" என்றாயாம். உன் மாமியார் போன் செய்து என்னிடம் சொன்னார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு இது சிரிக்கிற விஷயமில்லை என்று புரிந்தது. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் மாமியார் நிற்பார், நாத்தனார் நிற்பாள், கேள்விப்பட்டிருக்கிறோம். மாமனாருடைய மோதிர விரல் போய் நிற்பதை இந்தத் தென்னாற்காடு ஜில்லா கண்டதில்லை. அந்த விரலை நடுவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் குத்தியவள் பக்கத்துக் கதைதான் இதுவரை ஊரில் ஓடியிருக்கிறது, குத்து வாங்கியவன் பக்கத்தையும் ஒரு தரம் கேள். நான் பிழைப்புக்குக் கத்தி பிடித்தவன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் பூசைக்கு மணி அடிக்கும்போது கிடாக்களை உரித்துக் கொக்கியில் மாட்டியிருப்பேன். ரத்தம் எனக்குப் புதிதில்லை. ஆனால் ஆட்டு ரத்தம் ஆட்டினுடையது. சொந்த ரத்தம் அப்படியா? அது வெளியே வருகிறது என்றால் உள்ளே குறைகிறது என்று அர்த்தம். இதை நான் எத்தனை முறை விளக்கியும் நீயும் உன் அம்மாவும் சிரித்தீர்களே தவிர, ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

நீ டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தவக்காலத்தில், கறி வாங்க ஆளில்லாமல் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு கத்தி தீட்டினேன். கத்தி நழுவிக் கால் கட்டைவிரலில் விழுந்தது. சின்னக் காயம்தான். உயிர்த்த ஞாயிறு வந்தது, போனது, காயம் மட்டும் காயவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். லேபில் கையில் ரப்பர் குழாயைக் கட்டியது தெரியும், ஊசியின் முனை தெரியும். அடுத்து எனக்குத் தெரிந்தது கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி. லேப்காரர் நம் கடையில் நெஞ்செலும்பு வாங்குகிறவர். மறுநாள் காலை மார்க்கெட் முழுக்கச் செய்தி. "இன்னாண்ணே, ஊசியப் பாத்து வுழுந்துட்டியாமே? ஆடு கூட நின்னுக்கினு இருக்குமேண்ணே!" என்று கோழிக்கடை பாய் கேட்டார். அன்றிலிருந்து லேப் இருக்கும் தெரு வழியாகவே நான் போவதில்லை.

ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, வாரம் ஒரு முறையாவது வெறும் வயிற்றில் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும், அதற்குத் தகுந்தாற்போல்தான் மாத்திரை, அசட்டையாக இருந்தால் கட்டைவிரலை எடுக்கும்படி ஆகிவிடும் என்றார். லேபுக்குப் போக மாட்டேன் என்று நான் அடம் பிடித்ததால்தான் நீ வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் அந்தக் கையடக்க மெஷினை வாங்கி வந்தாய். அப்போது நமக்குத் தெரியாத ஒன்று, மெஷின் வாங்குவது சுலபம், அதற்குத் தீனி போடுவதுதான் கஷ்டம் என்பது. கத்தியும் உப்பும் தோலும் பட்டுப் பட்டு என் விரல்கள் காய்ப்புக் காய்த்துக் கிடந்தன. மெஷினோடு வந்த, விரலில் ஊசி குத்துகிற பேனாவின் ஆழத்தை இரண்டில் வைத்து அழுத்தினால் சத்தம் வந்தது, ரத்தம் வரவில்லை. ஐந்தில் வைத்தாலும் ஊசி போன அடையாளம்தான் இருந்தது. உன் அம்மா விரலைப் பிடித்து எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் பிழிந்தாள். எறும்புத் தலை அளவு வந்தது. அதை மெஷினில் செருகிய ஸ்ட்ரிப்பில் தொட்டால் மெஷின் 'போதாது' என்று திருப்பிவிட்டது. "மெஷின் கேக்கறது ஒரு சொட்டு. அதக் குடுக்கக்கூட இந்த மனுசனுக்கு மனசு வரல பாரு" என்றாள் உன் அம்மா. எடை போட்ட பிறகு ஒரு துண்டு ஈரல் சேர்த்துப் போடும் கை இது. என்னைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா?

மறுவாரம் பேனாவை அவளே வாங்கிக்கொண்டாள். என் விரலை ஒரு கையில் பிடித்தாள், கண்ணை இறுக மூடினாள், "மாதாவே" என்றாள், தன் கட்டைவிரலில் குத்திக்கொண்டாள். அவளுக்குப் பொலபொலவென்று வந்தது. "வந்தது வந்துடுச்சு, வீணாக்குவானேன்" என்று அவள் ரத்தத்தையே மெஷினுக்குக் கொடுத்தாள். எண் நன்றாக இருந்தது. அன்று முழுவதும் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளைப்போல வீட்டில் நடமாடினாள். என் எண் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் நீதான் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து முழுக்கப் படித்தாய். நம் வீட்டில் பெட்டிக்குள் வரும் காகிதத்தைப் படிக்கிற ஒரே ஆள் நீ. கையைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவு, துடை, தோளைத் தளர்த்திக் கையைத் தொங்கப்போடு, கொஞ்சம் உதறு, உள்ளங்கையிலிருந்து விரல் நுனிக்கு மெல்ல நீவிவிடு என்றாய். விரலின் மெத்தென்ற நடுவில் குத்தக் கூடாதாம், ஓரத்தில் குத்த வேண்டுமாம், அங்கேதான் வலி குறைவு, ரத்தம் அதிகம். நுனியைப் பிழியவே கூடாதாம். பிழிந்தால் ரத்தத்தோடு சதைநீரும் சேர்ந்து வந்து எண்ணைக் கெடுத்துவிடுமாம். உனக்குக் கல்யாணமாகி இத்தனை நாளில் நான் சொல்லாமல் விட்ட புத்திமதி ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான். மாப்பிள்ளையிடம் ஏதாவது உண்மையைக் கறக்க வேண்டியிருந்தால் ஓரமாகக் குத்து. மெத்தென்று இருக்கிறதே என்று நடுவில் குத்தாதே. பிழியாதே. பிழிந்து வாங்குகிற உண்மையில் பாதி தண்ணீர்தான்.

அத்தனையும் செய்தும், பேனா கிட்டே வந்ததும் என் ரத்தம் தோளுக்கு ஏறி ஒளிந்துகொண்டது. அப்போதுதான் நீ, ஏதோ தெரியாதவள்போல, "அப்பா, இன்னிக்கு கிடா இன்னா வெலப்பா?" என்று கேட்டாய். "அது நீ உயிர் எடைய கேக்கறியா, கறி எட..." என்று நான் ஆரம்பித்தேன், டிக் என்றது. மாதுளை முத்துபோல் ஒரு சொட்டு விரல் ஓரத்தில் நின்றது. நான் சொல்லிக்கொண்டிருந்த விலையைக் கேட்க அங்கே யாரும் இல்லை, எல்லோரும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சந்தையில் ஆட்டைப் பிடிக்கும்போது தழையை நீட்டிவிட்டுக் காலைப் பிடிப்பேனே, அதைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா. அந்த வாரத்திலிருந்து மாத்திரை சரியாக அமைந்தது, காயமும் ஆறியது. என் கட்டைவிரல் இன்று செருப்புக்குள் இருக்கிறதென்றால் அது உன் வாய்ச்சாலகத்தால்தான்.

பிறகு உன்னை விழுப்புரத்தில் கொடுத்தோம். கல்யாணப் பேச்சின்போதே உன் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "சக்கரைன்னு வாயத் தொறக்காதீங்க. அப்பனுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னு எழுந்து போய்டுவாங்க." அதனால் பெண் பார்க்க வந்தவர்களோடு சேர்ந்து நானும் கேசரி சாப்பிட்டேன், ஒன்றுக்கு இரண்டு தரம். ஆனால் கல்யாணமானதும் சிக்கல் தொடங்கியது. உன்னைத் தவிர யார் வந்தாலும் ரத்தம் தோளுக்கு ஏறியது. "முக்கா மணி நேரந்தானே, பாசஞ்சர்ல போய்க் குத்திக்கினு வாங்க" என்றாள் உன் அம்மா. கோயிலுக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வருகிற மாதிரி சொன்னாள்.

முதல் திங்கட்கிழமை வாசலிலேயே உன் மாமியார் டம்ளரோடு நின்றார். "மொதமொத தனியா வந்திருக்கீங்க, வாய நனைக்காம உள்ள வரலாமா சம்பந்தி?" என்றார். காபியில் கரண்டி நிற்கும் அளவுக்குச் சர்க்கரை. குடித்தேன். வெறும் வயிறு போயிற்று. அடுத்த வாரம் வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் அந்தப் பக்கம் போனதும், "உங்கப்பா கைய நனைக்க மாட்டேங்கறாரு, நாங்க இன்னாம்மா கொற வெச்சோம்?" என்று உன்னிடம் கேட்டிருக்கிறார். பெண்ணைக் கொடுத்தவன் வாராவாரம் விடிந்ததும் வந்து நிற்கிறான், காபி குடிக்காமல் கொல்லைப்பக்கம் போய் மகளோடு குசுகுசுவென்று பேசுகிறான், போய்விடுகிறான் என்றால் அந்தத் தெரு என்ன நினைக்கும்? நீ துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நின்று எனக்குக் குத்திக்கொண்டிருந்தாய். உன் மாமியாரோ நாம் நகைப் பேச்சு பேசுகிறோம் என்று உள்ளே தவித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம்தான் ஜாங்கிரி. மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எந்த அப்பனுக்கு முடியும்? விடியற்காலையில் எந்த மிட்டாய்க் கடை திறந்திருக்கிறது? முந்தின நாள் சாயங்காலமே வாங்கி வைத்துவிட்டேன். ரயிலில் கூட்டம். பொட்டலத்தை விழுப்புரம் வரை கையிலேயே பிடித்து வந்தேன். பாகு கசிந்திருக்கிறது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று உனக்கும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, "ஜல்தி கைய நீட்டுப்பா" என்று சோப்பு, வெந்நீர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குத்தினாய். மெஷின் நானூற்றுச் சொச்சம் காட்டியது. "அப்பா!" என்று நீ போட்ட கூச்சலில் துணிக்கல்லில் இருந்த காகம் பறந்தது. உன் மாமியார் ஓடிவந்தார். என் விரலில் ரத்தம், உன் கையில் மெஷின், ஒளித்தது எல்லாம் வெட்டவெளிச்சம். அவர் வந்த வேகத்திலேயே திரும்பினார். வாசலுக்குப் போய் ஆட்டோவை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "கையில இன்னாங்க இது?" என்றார். "ஜாங்கிரி" என்றேன். "சாப்ட்டீங்களா?" "இல்லிங்க, புடிச்சுக்கினு வந்தேன்." கழுவிவிட்டு வரச் சொன்னார். நீ பக்கத்தில் நின்று கிடா விலையைக் கேட்டாய், டிக். நூற்று முப்பத்தொன்று. அந்த வார்டில் சிரிக்காத ஆள் இரண்டே பேர், நானும் உன் மாமியாரும். ஆட்டோவில் திரும்பி வரும்போது எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. மறைத்துக் கட்டிக்கொடுத்தான் என்று உன்னை ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று அவ்வளவு பயம். என் கட்டைவிரல் போனால்கூடப் பரவாயில்லை, என் பெண் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே வந்தேன். தெருமுனை திரும்பியதும் அவர் வாய் திறந்தார். "சம்பந்தி, இனிமே வெறுங்கையோட வாங்க. வெறும் வயித்தோட வாங்க. குத்திக்கினதுக்கு அப்புறம் சாப்புடுங்க. இதுல இன்னா இருக்குது?" என்றார். பிறகு உன்னைப் பார்த்து, "அந்த மெஷின்ல எனக்கும் ஒரு தரம் பாத்துடும்மா. தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்கல" என்றார். ஜாங்கிரி தொடாமலே அவருக்கு இருநூற்று அறுபது. அவருக்குப் பழைய சர்க்கரையாம். பெண் பார்க்க வந்தபோது அவர்களும் அதை மறைத்துக்கொண்டுதான் கேசரி சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் பயந்து எத்தனை கரண்டி சர்க்கரையை விழுங்கியிருக்கிறோம் பார். அயல்தேசத்தில் புதுக் குடித்தனம் வைக்கப் போகிறவள் நீ. உடம்புக்கு முடியவில்லை என்றால் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்.

அதற்குப் பிறகு உன் பள்ளிக்கூட நேரத்துக்காக, வீடுவரை போகாமல் விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பார பெஞ்சுக்கே கச்சேரியை மாற்றிக்கொண்டோம். உன் மாமியார் வெந்நீர் பிளாஸ்க்கும் கேப்பை அடையும் கொண்டுவருவார். நீ புது ஊசி மாட்டி அவருக்குக் குத்துவாய், மறுபடி புது ஊசி மாட்டி எனக்குக் குத்துவாய். ஒரு நாள் யாரோ ஒரு பெரியவர் நம் பின்னால் வரிசையில் நின்று, "எனக்கும் பாத்துடும்மா, இலவசந்தானே?" என்று கையை நீட்டினார். நீயும் பார்த்துச் சொல்லி, டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பினாய். இந்தத் திங்கட்கிழமைகளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் நான் கடை திறந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. உன்னை அனுப்ப எனக்கு மனசே இல்லை, ஸ்டெல்லா. இதைப் போனில் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதிவிட்டேன். ஆனால் அதற்காக நீ இங்கே உட்கார்ந்திருப்பதும் சரியில்லை.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நீ ஊரில் இல்லாததால் இந்த வாரம் விட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தாய். உன் மாமியார் விடவில்லை. "பேசணும், வாங்க" என்றார். வெறுங்கையோடும் வெறும் வயிற்றோடும் போனேன். ஒயர் கூடையிலிருந்து மெஷினை எடுத்து வைத்து, "அவ போய்ட்டா எனக்கும்தான் ஆளு இல்ல. மொதல்ல நீங்க எனக்குக் குத்துங்க" என்றார். அடுத்தவர் ரத்தம் என்றால் எனக்குப் பயம் ஏது? கையை நீவிவிடச் சொன்னேன், ஓரம் பார்த்து ஒரே குத்து, தாராளமாக ஒரு சொட்டு. "இன்னா சம்பந்தி, குத்தினதே தெரியல!" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்து பேனாவை அவர் வாங்கினார். நான் கையை வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"கைய காட்டுங்க. கிடா இன்னா வெல?" என்றார். அந்தத் தந்திரம் எனக்குத் தெரியாதா? பதில் சொல்லாமல் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். குத்தினார், ஒன்றும் வரவில்லை. மாட்டு விலை கேட்டார், வறுத்த மல்லாட்டை விலை கேட்டார், புது ஊசி மாட்டினார், ம்ஹூம். எதிர் பெஞ்சில் இருந்த பூக்காரம்மா, "இன்னா பேஜாரு இது, பெரியவரே, கைய குடுங்க" என்று சலித்துக்கொண்டார். உன் மாமியார் என் விரலை இன்னொரு தரம் நீவிவிட்டார். பிறகு தணிந்த குரலில், "சம்பந்தி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. உங்க பொண்ணு வெக்கிற மீன் கொழம்பு இருக்குதே, அத எங்க வூட்டுப் பூன கூட மோந்து பாக்காது" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "இன்னாம்மா சொல்றீங்க? எம்பொண்ணு கொழம்பையா? எங்க பங்குச் சாமியாரே கேட்டு வாங்கிச் சாப்பிட்ட கொழம்பும்மா அது! மீனு வாங்கத் தெரியாதவங்க வூட்ல..." என்று எழுந்துவிட்டேன். டிக் என்றதே எனக்குத் தெரியாது. நான் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, அவர், "ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க, சிந்துது" என்று ஸ்ட்ரிப்பை விரலுக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தார். நீ எடுத்த காலத்தில்கூட அவ்வளவு ரத்தம் வந்ததில்லை. நூற்று நாற்பத்தெட்டு. பூக்காரம்மா கை தட்டினார். நான் அசடு வழிய உட்கார்ந்தேன். உன் மாமியார் சிரித்துக்கொண்டேதான் இருந்தார், அப்புறம் பார்த்தால் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். "அந்தக் கொழம்பு இல்லாம நான் இன்னா பண்ணப் போறேனோ தெரியல சம்பந்தி. மாடியில பெரியவன் குடும்பம் இருக்குது, சோத்துக்குக் கொறயில்ல. ஆனா சின்னவன் அங்க ஒண்டியா கெடக்கறான். அவள அனுப்பிடுங்க" என்றார். நான் தலையாட்டினேன். கேப்பை அடையை இரண்டு பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

ஆகவே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு டிக்கெட் போடச் சொல். எங்களைப் பற்றி யோசிக்காதே. இனித் திங்கட்கிழமைதோறும் விழுப்புரம் பிளாட்பாரத்தில் உன்னைத் திட்ட ஒருவரும், உனக்காகச் சண்டை போட ஒருவரும் உட்கார்ந்திருப்போம். அடுத்த வாரம் உன் சாம்பாராம்.

அப்பா